பாலி தீவுல கல்யாணம்னு பத்திரிகை வந்திருக்கா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

இப்பல்லாம் பத்திரிகை வாட்ஸப்ல வீடியோவா வருது, பாட்டு ஓடி பூ கொட்டி கடைசில "உலுவாத்து, பாலி, இந்தோனேசியா"ன்னு வந்து நிக்குது. மண்டபம் வடபழனியா தாம்பரமா, பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோ கிடைக்குமான்னு கேட்டுட்டு இருந்த நம்ம சனம் இப்ப விசா வேணுமா, சைவம் கிடைக்குமா, ரூம் யாரு போடுவாங்கன்னு கேக்குது. எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம் அங்க நடந்ததுல இருந்து, தெரிஞ்சவங்க யார் வீட்டுல பாலி கல்யாணம்னாலும் போன் எனக்குத்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை கட்டிக்கிச்சு, அதனால மொத்தமா இங்க எழுதிப் போட்டுடுறேன். இது பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு இல்ல, விருந்தாளியா போறவங்களுக்கு மட்டும்.

மொதல்ல ஒண்ணு. கல்யாணத்துக்குப் போறது ஒரு வேலை, பாலி சுத்திப் பாக்குறது இன்னொரு வேலை. ரெண்டையும் கலந்து ஒரே ஹோட்டல்ல ஒரே பேக்கேஜா போட்டீங்கன்னா ரெண்டும் அரைகுறையா போயிடும். கல்யாண நாளுக்கு வென்யூ பக்கத்துலயே ரூம், கல்யாணம் முடிஞ்ச மறுநாள் பெட்டிய கட்டிட்டு உங்களுக்குப் பிடிச்ச ஊருக்கு மாறிக்கோங்க. அந்த வரிசை மாறவே கூடாது. முன்னாடி சுத்திட்டு அப்புறம் கல்யாணத்துக்குப் போலாம்னு நினைக்கிறவங்கதான் மெஹந்தி அன்னைக்கு மூஞ்சி கறுத்து தோல் உரிஞ்சு வந்து நிப்பாங்க, இல்லன்னா தெருவோரம் எதையோ சாப்பிட்டு வயித்தப் பிடிச்சுக்கிட்டு ரூம்லயே கிடப்பாங்க, அந்த ஊர்லயே அதுக்கு 'பாலி பெல்லி'ன்னு பேர் இருக்குன்னா பாத்துக்கோங்க எவ்ளோ சகஜம்னு. அதுலயும் முதல் நாள் காலைல சனூர்ல இருந்து போட் ஏறி நுசா பெனிடா தீவுக்குப் போயிட்டு சாயங்காலம் சங்கீத்துக்கு வந்துடலாம்னு ஒரு கோஷ்டி எல்லா கல்யாணத்துலயும் கிளம்பும். கடல் கொஞ்சம் பொங்கினா போட் லேட்டாகும், இல்ல நிறுத்திடுவாங்க, அங்க நீங்க மாட்டிக்கிட்டா இங்க பொண்ணோட அப்பா டென்ஷன் ஆவாரு. அந்தத் தீவெல்லாம் தாலி கட்டினதுக்கு அப்புறம்.

அடுத்தது மாசம். இத பத்தி யாருமே பேச மாட்டேங்குறாங்க. நமக்கு முகூர்த்தம் குவியுறது தை மாசம். பாலில சரியா அந்த ஜனவரி, பிப்ரவரிதான் உச்சகட்ட மழை, நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்குமே மழை சீசன்தான். நாள் பூரா கொட்டாது, ஆனா மதியத்துக்கு மேல சட்டுன்னு இருட்டிட்டு ஊத்தும், பீச்சுல கரைக்கு குப்பை வேற ஒதுங்கும், ரீல்ஸ்ல பாத்த நீலக் கலர் கடல அந்த மாசத்துல எதிர்பாக்காதீங்க. ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரைக்கும் மழை இல்லாத வெயில் சீசன், வைகாசி முகூர்த்தம்னா வந்தது யோகம், வானமும் நல்லா இருக்கும் ரேட்டும் ரொம்ப ஏறியிருக்காது. ஜூலை ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியாக்காரங்க ஐரோப்பாக்காரங்க எல்லாம் லீவுக்கு வந்து குவியுற நேரம், ரூம் வாடகை எகிறிடும். நமக்கு அப்ப ஆடிங்கிறதால பாதி தப்பிச்சோம், ஆவணில பத்திரிகை வந்தா மட்டும் ரூம சீக்கிரமா போட்டுடுங்க. தைல போறவங்க பட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர், காலுக்கு வழுக்காத செருப்பு, புடவைக்கு மேட்சிங்கா ஒரு குடை. சிரிக்காதீங்க, அந்த குடை போட்டோல நல்லாவே விழும்.

இன்னொரு விஷயம் நியேப்பி. பாலிக்காரங்களும் இந்துக்கள்தான், சக ஆண்டுக் கணக்குப்படி அவங்களோட வருஷப் பிறப்பு அது, நம்ம பக்கத்து யுகாதி ஒட்டியே வரும், 2025ல மார்ச் 29, 2026ல மார்ச் 19. அன்னைக்கு ஊரே மௌனம். ஏர்போர்ட்ட 24 மணி நேரம் மூடிடுவாங்க, ரோட்டுல யாரும் நடக்கக் கூடாது, ஹோட்டல்ல இருக்கறவங்களும் வெளிய வரக்கூடாது, ராத்திரி லைட்டக்கூட அடக்கித்தான் போடணும். அன்னைக்கு யாரும் கல்யாணம் வைக்கமாட்டாங்க, ஆனா மாசி கடைசி பங்குனி ஆரம்பத்துல போயிட்டு நாலு நாள் கூட இருந்துட்டு வர்றேன்னு ரிட்டர்ன் போடுறவங்க அந்த வருஷத்து தேதிய ஒரு தடவ பாத்துக்கோங்க. அனுபவிக்கணும்னு தெரிஞ்சே தங்கறவங்களுக்கு அது ஒரு தனி சுகம், அந்த இருட்டுல நட்சத்திரம் அப்படித் தெரியும்னு சொல்றாங்க.

ஃப்ளைட். சென்னைல இருந்து நேரா கிடையாது. பெங்களூருல இருந்து இண்டிகோ நேரடியா 2024ல ஆரம்பிச்சாங்க, சேலம் ஓசூர் வேலூர்க்காரங்களுக்கெல்லாம் அது வசதி. சென்னை, திருச்சிக்காரங்க பெரும்பாலும் கோலாலம்பூர் இல்ல சிங்கப்பூர் வழிதான். சென்னைல இருந்து கோலாலம்பூர் ஒரு நாலு மணி நேரம், அங்கேர்ந்து பாலி மூணு மணி நேரம், நடுவுல காத்திருக்கிறது உங்க அதிர்ஷ்டம். இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட்ல இருக்கணும். தனித்தனியா போட்டா ரெண்டாயிரம் மிச்சம்னு வீட்டுல ஒரு தம்பி கண்டிப்பா கணக்கு போட்டுக் காட்டுவான். தனி டிக்கெட்னா பெட்டிய நடுவுல எடுத்து மறுபடி செக்கின் பண்ணணும், அதுக்கு அந்த நாட்டு இமிக்ரேஷன் தாண்டி வெளிய வரணும். மலேசியால 2023 டிசம்பர்ல இருந்து இந்தியர்களுக்கு விசா இல்லாம விடுறாங்க, அது அப்பப்போ நீட்டிக்கிற சலுகை, போறப்போ அமல்ல இருக்கான்னு பாக்கணும், அதுக்கும் அவங்களோட டிஜிட்டல் அரைவல் கார்டு முன்கூட்டியே ஃபில் பண்ணணும். சிங்கப்பூர்ல நமக்கு வெளிய வர விசா வேணும். அதோட முதல் ஃப்ளைட் லேட்டானா ரெண்டாவது போச்சு, யாரும் மாத்தித் தர மாட்டாங்க. வயசானவங்க கூட வர்றாங்கன்னா இந்த ரெண்டாயிரத்த யோசிக்கவே யோசிக்காதீங்க. கோலாலம்பூர்ல டெர்மினல் வேற ரெண்டு, ஏர் ஏசியா ஒண்ணுல, மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் எல்லாம் இன்னொண்ணுல.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி இறங்குற மாதிரி போடுங்க, ஒரு நாள் பத்தாது. இந்தோனேசியா எரிமலை நாடு. 2017 நவம்பர்ல பாலியோட அகுங் மலை புகைஞ்சு ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க, 2024 நவம்பர்லயும் 2025லயும் கிழக்கே இருக்கற ஃப்ளோரஸ் தீவுல லெவோடோபி எரிமலை வெடிச்சு சாம்பல் பறந்து பாலி ஃப்ளைட் எத்தனையோ கேன்சல் ஆச்சு. டிராவல் இன்சூரன்ஸ் எடுக்குறப்போ இந்த மாதிரி இயற்கைச் சீற்றத்தால கேன்சல் ஆனா பணம் வருமான்னு படிச்சுப் பாத்து எடுங்க, ஆஸ்பத்திரி செலவு மட்டும் பாத்து எடுக்காதீங்க.

பாஸ்போர்ட், விசா கதைய சுருக்கமா முடிச்சிடுறேன். நமக்கு விசா ஆன் அரைவல் உண்டு, 5 லட்சம் ரூபியா, 30 நாள். லட்சம்னு பயந்துடாதீங்க, நம்ம காசுல மூவாயிரத்துக்குள்ளதான். ஆன்லைன்லயே முன்னாடி எடுத்துட்டா வரிசை மிச்சம், ஆனா கவர்மென்ட் சைட் மாதிரியே வேஷம் போட்ட சைட்டெல்லாம் கூகுள்ல மேல வரும், ஃபீஸ் கூட கேட்டா சந்தேகப்படுங்க. ஒஃபிஷியல் அட்ரஸ் '.go.id'ன்னு முடியும். பாஸ்போர்ட் இறங்குற தேதில இருந்து ஆறு மாசமாவது செல்லணும், ரிட்டர்ன் டிக்கெட் காட்டணும். பாஸ்போர்ட் ஓரம் கிழிஞ்சது, நனைஞ்சு உப்பினது, பேரன் பேனாவால கிறுக்கினது இதெல்லாம் வேற எங்கயாவது விடுவாங்க, பாலி விஷயத்துல திருப்பியே அனுப்பியிருக்காங்க. அதனால இன்னைக்கே பீரோவுல இருந்து எடுத்து எல்லாரோடதையும் பக்கம் பக்கமா புரட்டிப் பாருங்க. அப்புறம் பாலிக்குன்னு தனியா சுற்றுலா வரி ஒண்ணு, 2024 பிப்ரவரி 14ல இருந்து, ஆளுக்கு 1,50,000 ரூபியா, சின்னப் பசங்களுக்கும் சேத்து, 'லவ் பாலி' ஆப்ல கட்டிட்டு க்யூஆர் கோடு போன்ல வச்சுக்கோங்க. 'ஆல் இந்தோனேசியா'ன்னு ஒரு அரைவல் கார்டும் இருக்கு, போய் இறங்குறதுக்கு மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல ஃபில் பண்ணணும், அது ஃப்ரீ. இந்த க்யூஆர் எல்லாத்தையும் வீட்டுல ஒருத்தர் போன்லயே வச்சுக்காம ஒரு காப்பி பிரிண்ட் எடுத்து பெரியவங்க கைல குடுத்துடுங்க.

இப்ப தங்குற இடம். பாலிய ஒரு ஊர்னு நினைச்சுக்கிட்டுதான் எல்லாரும் ஹோட்டல் தேடுறாங்க. அது நம்ம ஒரு மாவட்டத்தோட சைஸ், ரோடெல்லாம் ஒத்தையடி. கிலோமீட்டர பாத்து ஏமாறாதீங்க, நேரத்த பாருங்க. சங்கு, செமின்யாக் பக்கம் ரீல்ஸ்ல வர்ற கஃபே எல்லாம் இருக்கு, சின்னப் பசங்க அங்கதான் தங்கணும்னு அடம் பிடிப்பாங்க. (சங்குவ மேப்ல Canggu-ன்னு தேடுங்க.) ஆனா கல்யாணம் உலுவாத்துலன்னா சாயங்கால டிராஃபிக்ல அங்கேர்ந்து ஒன்றரை ரெண்டு மணி நேரம் ஆகும், மேக்கப் போட்டுக்கிட்டு கார்ல உக்காந்து வேர்த்து வழிஞ்சு போய் சேரும்போது மாலை மாத்தி முடிஞ்சிருக்கும். உபுத் இன்னும் தூரம், மலைப்பக்கம், ஏர்போர்ட்ல இருந்தே ஒன்றரை மணி நேரம் சாதாரணமா ஆகும்.

அதனால பத்திரிகைல என்ன போட்டிருந்தாலும் சரி, மேப் பின் அனுப்பச் சொல்லுங்க. உலுவாத்துன்னு போட்டிருப்பாங்க, பாத்தா உங்கசான்ல இருக்கும், இல்ல பெசாத்துல இருக்கும். அந்த பின்ன வச்சு, கல்யாணம் நடக்கற அதே நேரத்துக்கு டிராஃபிக் எவ்ளோன்னு மேப்ல போட்டுப் பாத்து, அரை மணிக்குள்ள வர்ற ஹோட்டலா எடுங்க. வென்யூ ஹோட்டல்லயே ரூம் பிளாக் பண்ணியிருந்தா, கொஞ்சம் கூட ஆனாலும் என் ஓட்டு அதுக்குத்தான், ஏன்னா நம்ம கல்யாணத்துல ஒரு நாளைக்கு மூணு தடவ உடுப்பு மாத்தணும், ஒவ்வொரு தடவையும் ரூமுக்கு நடந்து போய் வர்ற தூரத்துல இருக்கறதோட அருமை அங்க போனாதான் தெரியும். பிளாக் பண்ணின ரூமுக்கு ஒரு கடைசி தேதி இருக்கும், அதுக்குள்ள ஆமா இல்லன்னு சொல்லிடுங்க. "பாக்கலாம், சொல்றேன்"னு நம்ம ஊர் பதிலச் சொல்லி இழுத்தீங்கன்னா, வராத ரூமுக்கு பொண்ணு வீட்டுக்காரங்கதான் ஹோட்டல்காரனுக்கு அழணும்.

பட்ஜெட் இடிக்குதா, அதுக்கும் வழி இருக்கு. கல்யாணம் நுசா துவாலன்னா பக்கத்துல தஞ்சோங் பெனோவால அதே கடல், குறைஞ்ச வாடகை. உலுவாத்து பக்கம்னா ஜிம்பரான்ல பாருங்க, ஏர்போர்ட்டுக்கும் கிட்ட. நுசா துவா எனக்குத் தனிப்பட்ட முறைல பெருசா பிடிக்காது, கேட் போட்டு செக்யூரிட்டி வச்சு ஊரோட ஒட்டாம இருக்கும், ஆனா வயசானவங்க கூட்டிட்டுப் போறவங்களுக்கு அத விட நல்ல இடம் கிடையாது. தரை சமம், நடைபாதை நல்லா இருக்கு, ஏர்போர்ட்ல இருந்து கடல் மேல போட்ட டோல் ரோடு வழியா சீக்கிரம் வந்துடலாம்.

உலுவாத்து அப்படியே நேர் எதிர். செங்குத்துப் பாறை உச்சில நின்னு கடல பாக்குறதுதான் அங்க அழகே, அழகுக்கு விலை படிக்கட்டு. ரிசப்ஷன்ல இருந்து ரூமுக்கு படி, ரூம்ல இருந்து ரெஸ்டாரன்ட்டுக்கு படி, பீச்சுக்கு இறங்கணும்னா கேக்கவே வேணாம். எங்க அத்தைக்கு முட்டி ஆபரேஷன் ஆனது, அவங்களுக்காக முன்கூட்டியே மெயில் போட்டு கீழ் ரூம், ரிசப்ஷன் பக்கத்துல, பாத்டப் இல்லாம நின்னு குளிக்கிற ஷவர்னு எழுதிக் கேட்டோம், அப்படியே குடுத்தாங்க. கேட்டா குடுப்பாங்க, போய் இறங்கி கேட்டா கிடைக்காது. இன்னொண்ணு, பாலி வில்லாக்கள்ல பாத்ரூமுக்கு கூரை பாதிதான் இருக்கும், மேல வானம் தெரியும், ஸ்டைலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு மழைல தாத்தா அங்க போகணும்னா எவ்ளோ ஸ்டைலா இருக்கும்னு யோசிச்சுக்கோங்க. தரை ஈரமா வழுக்கும். புக் பண்றப்போ பாத்ரூம் போட்டோவ கேட்டு வாங்கிப் பாருங்க. மத்தபடி ஒரு நல்ல சேதி, டாய்லெட்ல கழுவுறதுக்கு கை ஷவர் நிறைய இடத்துல வச்சிருக்காங்க, அந்தக் கவலை வேணாம்.

ஏழெட்டு பேர் சேந்து வில்லா எடுக்கறது மலிவு, பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா வில்லாவோட நீச்சல் குளத்துக்கு பெரும்பாலும் வேலியோ கதவோ கிடையாது, படுக்கை ரூம் கதவத் திறந்தா நேரா தண்ணி. மூணு வயசு நாலு வயசுப் பசங்க இருந்தா நான் வில்லா பக்கமே போக மாட்டேன், பெரியவங்க எல்லாம் புடவைல பின் குத்திக்கிட்டு இருக்கற அஞ்சு நிமிஷம் போதும். அப்புறம் "ஒரு ரூம்ல அஞ்சு பேர், கீழ பெட்ஷீட் விரிச்சுப் படுத்துக்கலாம்"ங்கற நம்ம கல்யாண மண்டபக் கணக்கு அங்க செல்லாது, ஒரு ரூமுக்கு இத்தன பேர்தான்னு கறாரா இருப்பாங்க, எல்லார் பாஸ்போர்ட்டும் கேப்பாங்க, எக்ஸ்ட்ரா பெட்டுக்கு தனி காசு. விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி போட்டிருந்தா வரி, சர்வீஸ் சார்ஜ்னு சேத்து 21 சதவீதம் கூட வரும்னு அர்த்தம், ஹோட்டல் சாப்பாட்டு மெனுலயும் அதே கதைதான்.

வண்டி விஷயம். கிராப், கோஜெக் ஆப் ரெண்டும் ஓடுது, ஆனா உலுவாத்து, உபுத், சங்கு பக்கம் நிறைய இடத்துல உள்ளூர் டிரைவர் சங்கத்துக்காரங்க ஆப் வண்டிய பிக்கப் பண்ண விடமாட்டாங்க, போர்டே வச்சிருப்பாங்க. கொண்டு வந்து விடுவான், கூட்டிட்டுப் போக வரமாட்டான். ரிசப்ஷன் முடிஞ்சு ராத்திரி பதினொரு மணிக்கு ஹீல்ஸ கைல பிடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கறதுக்குப் பதிலா, டிரைவரோட கார ஒரு நாளைக்குப் பேசிக்கோங்க, பத்து மணி நேரத்துக்கு 6 லட்சத்துல இருந்து 8 லட்சம் ரூபியா வரைக்கும் கேப்பாங்க, நாலு பேர் பிரிச்சுக்கிட்டா ஒண்ணுமே இல்ல. ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கறேன்னு தம்பிங்க கிளம்புவாங்க. டூ வீலருக்கு செல்லுற இன்டர்நேஷனல் பர்மிட் இருக்கணும், இல்லாம விழுந்தா இன்சூரன்ஸ்காரன் ஒரு பைசா தரமாட்டான். கல்யாணம் முடியுற வரைக்குமாவது சாவிய பிடுங்கி வைங்க.

காசுக்கு ஒரு குறுக்கு வழி சொல்றேன், விலைல கடைசி மூணு சைபர வெட்டிட்டு அஞ்சால பெருக்கி கொஞ்சம் மேல சேத்துக்கோங்க, அதான் நம்ம ரூபா. 50,000 ரூபியா காபின்னா கிட்டத்தட்ட 270 ரூபா. மாத்தற கடைல "நோ கமிஷன்"னு ஊர்ல இல்லாத ரேட் போட்டிருந்தா உள்ள போகாதீங்க, கட்டு கட்டா எண்ணிக் காட்டுறப்போ விரல்ல நாலு நோட்டு கீழ நழுவும். கண்ணாடி போட்ட பெரிய கடைலயோ பேங்க் உள்ள இருக்கற ஏடிஎம்லயோ எடுங்க.

மொய்னு ஒண்ணு இருக்குல்ல, அத இங்கயே முடிச்சிடுங்க, இந்தியால இருந்து வெளிய போறப்போ நம்ம ரூபா நோட்டு ஆளுக்கு 25,000 வரைக்கும்தான் கொண்டு போலாம். கவர்ல பணத்த வச்சு அங்க குடுத்தா, பாவம் அவங்க அத்தனையையும் தூக்கிட்டு வரணும். ஜிபேல போட்டுடலாம், இல்ல பெரும்பாலும் ஊர்ல திரும்ப ஒரு ரிசப்ஷன் வைப்பாங்க அங்க குடுக்கலாம். குத்துவிளக்கு, டின்னர் செட்டெல்லாம் தூக்கிட்டு வரவே வராதீங்க. யாரு செலவு பண்றாங்கங்கறதையும் வெக்கப்படாம முதல்லயே கேட்டுக்கணும். பொதுவா நடக்கறது, டிக்கெட் உங்களோடது, கல்யாண நாள் ரூம் அவங்களோடது, ஆனா எல்லா வீட்டுலயும் அப்படி இல்ல. "ரூம் ரெண்டு ராத்திரிக்குத்தான் போட்டிருக்கோம் மாமா"ன்னு அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லத் தயங்கும், நீங்களே "எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும்மா, மிச்சத்த நாங்க போட்டுக்கறோம்"னு கேட்டுட்டா அதுக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா. வசதி இல்லன்னா போகாமலே இருக்கறதுலயும் தப்பு கிடையாது, இங்க நடக்கற ரிசப்ஷன்ல போய் வாய் நிறைய வாழ்த்திட்டு வாங்க. கடன் வாங்கி யார் கல்யாணத்துக்கும் போகணும்னு சட்டம் இல்ல.

முகூர்த்த நேரம். பாலி நம்ம ஊர விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. காலை 7:30 முகூர்த்தம்னா நம்ம உடம்புக்கு அது விடியக்காலை அஞ்சு மணி. மடிசாரோ பட்டோ கட்டி, தலை பின்னி, பூ வச்சு, நகை போட்டு தயாராகணும்னா அங்க நாலரைக்கு எந்திரிக்கணும், நம்ம ஊர் கணக்குல அது ராத்திரி ரெண்டு மணி! ரெண்டு நாள் முன்னாடி போங்கன்னு சொன்னதுக்கு எரிமலை ஒரு காரணம்னா இது இன்னொரு காரணம். சாயங்காலமும் சீக்கிரம் இருட்டிடும், வருஷம் பூரா ஆறுல இருந்து ஆறே முக்காலுக்குள்ள சூரியன் இறங்கிடும், சன்செட் போட்டோவுக்கு அஞ்சு மணிக்கே வரச் சொன்னா அஞ்சு மணிக்கே போங்க. திறந்தவெளி வில்லாவுல கல்யாணம்னா ராத்திரி பத்து பதினொரு மணிக்கு பாட்ட நிறுத்திடுவாங்க, அந்த ஊர் பஞ்சாயத்து மாதிரி 'பஞ்சார்'னு இருக்கு, அவங்க கட்டுப்பாடு. டான்ஸ் ஆடணும்னா முன்னாடியே ஆடிடுங்க.

சாப்பாடு. கல்யாணச் சாப்பாட்டுக்கு சமையல்காரர ஊர்ல இருந்தே கூட்டிட்டு வந்துடுறாங்க, இல்லன்னா அங்கயே இந்தியன் கேட்டரிங் இருக்கு, அதப் பத்தி கவலையில்ல. கல்யாணம் இல்லாத வேளைக்குத்தான் சைவக்காரங்க உஷாரா இருக்கணும். பாக்க காய்கறியா இருக்கும், ஆனா சம்பல்ங்கற மிளகாய்ச் சட்னிலயும், காடோ காடோங்கற காய்கறி சாலட் மேல ஊத்துற கடலைச் சட்னிலயும் 'தெராசி'ன்னு இறால் விழுது கலந்திருப்பாங்க. பக்கத்துல அப்பளம்னு வைக்கிறது இறால் அப்பளமா இருக்கும். "தன்பா தெராசி"ன்னு கேட்டா இறால் விழுது இல்லாமன்னு அர்த்தம், முட்டையும் வேணாம்னா "தன்பா தெலூர்". தெம்பே (புளிக்க வச்ச சோயா கட்டி), தாஹு (டோஃபு), சாதம், வதக்கின கீரை, இது போதும் எனக்கு, உண்மைல தெம்பே மொறுமொறுன்னு பொரிச்சுக் குடுத்தா நம்ம வாய்க்கு நல்லாவே ஒத்துப்போகும். பாலிக்காரங்க இந்துன்னு நினைச்சு தெருக்கடைல அசைவம் எதையும் கேக்காம சாப்பிடுறவங்களுக்கு, அங்க பன்னி பிரபலம், தெரிஞ்சு சாப்பிடுங்க. பெரியவங்களுக்கு பருப்புப் பொடி, ரெடிமிக்ஸ் உப்மா, ஊறுகாய் செக்கின் பெட்டில. குழாய்த் தண்ணி பல் தேய்க்கக்கூட வேணாம். மாமாமார்களுக்குத் தனியா ஒரு வார்த்தை, ஃபாரின் சரக்கு அங்க வரியால விலை ஜாஸ்தி, அதனால மலிவா 'அராக்'னு யாராச்சும் பாட்டில் நீட்டினா தொடாதீங்க, 2009ல மெத்தனால் கலந்த அராக் குடிச்சு பாலி, லொம்போக்ல இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க.

மாத்திரைய கேபின் பையில, டாக்டர் சீட்டோட. தூக்க மாத்திரை, மன அழுத்த மாத்திரை எடுக்கறவங்க டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல லெட்டர் வாங்கிக்கோங்க, போதை மருந்து சட்டம் அங்க மரண தண்டனை வரைக்கும் போகும். சிங்கப்பூர் வழியா போறவங்க மசாலா பொட்டலத்துல கசகசா இருக்கான்னு பாருங்க, அங்க அது தடை. தாம்பூலப் பைக்குன்னு கொப்பரைத் தேங்காய் மூட்டை கட்டாதீங்க, தீப்பிடிக்கற பொருள் லிஸ்ட்ல இருக்கறதால ஃப்ளைட்ல ஏத்தமாட்டாங்க. மல்லிப்பூ, வெத்தல, பழமெல்லாம் குவாரன்டீன்ல மாட்டும், அங்கயும் பூ கொட்டிக் கிடக்குது, தலைக்கு வைக்கிற மல்லிச் சரம் மட்டும்தான் ஏக்கம். செயற்கை கஜரா ரெண்டு எடுத்துக்கோங்க.

கோயிலுக்குப் போறப்போ சாரோங், இடுப்புல ஒரு துணி கட்டணும், வாசல்லயே தருவாங்க. தரைல தென்னங்குருத்துல செஞ்ச சின்னத் தட்டுல பூ, அரிசி, ஊதுபத்தி வச்சிருப்பாங்க, எங்க பாத்தாலும் இருக்கும், மிதிச்சுடாதீங்க. உலுவாத்து கோயில் குரங்குங்க கண்ணாடி, போன், தொப்பிய பறிச்சுட்டு தீனி குடுத்தாதான் திருப்பித் தரும், பவர் கண்ணாடி போட்டவங்க கழட்டி உள்ள வச்சுட்டு அங்க சாயங்காலம் நடக்கற கேசக் நடனத்த மங்கலாவே பாருங்க. கடல்ல சிவப்புக் கொடி நட்டிருந்தா இறங்காதீங்க, இழுவை ஜாஸ்தி, மெரினால கால் நனைச்சவங்களுக்கு அத தனியா சொல்லணுமா.

கடைசியா நகை. இதத்தான் எல்லாரும் திரும்பி வர்றப்போ யோசிக்கறாங்க, யோசிக்க வேண்டியது கிளம்பறப்போ. ஆரம், வளையல், ஒட்டியாணம்னு கொண்டு போறீங்கன்னா, சென்னைல ஏறுறதுக்கு முன்னாடி ஏர்போர்ட் கஸ்டம்ஸ் கவுன்டர்ல காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கோங்க. இது இங்கேர்ந்து கொண்டு போன நகைதான், வெளிய வாங்கினது இல்லங்கறதுக்கு அதான் ஆதாரம், இல்லன்னா திரும்ப வர்றப்போ டியூட்டி கட்டுன்னு நிறுத்துவாங்க. நகைக்கடை பில், போட்டோ, மதிப்பு போட்ட சீட்டு எல்லாம் கைல இருந்தா வேலை சீக்கிரம் முடியும், அதுக்குன்னு கூட ஒரு மணி நேரம் வச்சுக்கிட்டு வீட்ட விட்டுக் கிளம்புங்க. அதுக்கெல்லாம் பொறுமை இல்லாதவங்களுக்கு, அந்த வெயில்ல அந்த ஈரக் காத்துல கவரிங்கும் தங்கமும் போட்டோல ஒண்ணாத்தான் தெரியும், தாலிச் செயினும் ஒரு ஜோடி வளையலும் போதும், மிச்சத்த பேங்க் லாக்கர்ல வச்சுட்டு கிளம்புங்க. சர்டிஃபிகேட் வாங்கினவங்க ஒரிஜினல கைப்பையில வைங்க, பெட்டிக்குள்ள போட்டு செக்கின்ல விட்டுடாதீங்க. வேற ஏதாவது விட்டுப்போயிருந்தா கேளுங்க, ஆனா வாய்ஸ் நோட் மட்டும் வேணாம்.